ஏர்-அசிஸ்ட் ஏர்லெஸ் மெஷினில் மரத்துக்கு லாக்கர் அடிப்பதும், அடித்த பிறகு கழுவுவதும்

கப் கன்னில் (கன்னோடு மாட்டிய கப்பிலிருந்து காற்றால் அடிக்கும் கன்) வருடக்கணக்கில் லாக்கர் என்ற மரப் பூச்சை அடித்துப் பழகியவர்கள் ஏர்-அசிஸ்ட் ஏர்லெஸ் மெஷின் வாங்கியதும் முதலில் செய்கிற காரியம், அதையும் கப் கன் மாதிரியே நினைத்துக் காற்றைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. சாமி மேடை, அலமாரி, கதவு, சாப்பாட்டு மேசை என்று நியாத்தோ மரத்திலும் ரப்பர் மரத்திலும் வேலை. ஒரு பெரிய சாமி மேடைக்கு ஒரே ஒரு கோட் அடிக்கக் கப்பை ஆறேழு தடவை நிரப்ப வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் ஈர விளிம்பு காய்ந்து கோடு விழுந்தது, அதனால்தான் இந்த மெஷினுக்கு மாறினேன். மாறிய முதல் ஆறு மாதத்தில் வந்த கோளாறுகளைப் பின்னால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசி முந்தின நாள் சரியாகக் கழுவாததால் வந்தவை, இல்லாவிட்டால் காற்றில் தண்ணீர் இருந்ததால் வந்தவை. அதனால் கன் பிடிக்கிற விதத்தைப் பற்றி இங்கே கொஞ்சம்தான் சொல்வேன். பிரஷர் வைப்பது, தண்ணீரைப் பிடிப்பது, கழுவுவது, இவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

மெஷின் என்ன செய்கிறது

சுவருக்கு அடிக்கும் சாதாரண ஏர்லெஸ், சாயத்தை 2,000 முதல் 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை அழுத்தி ஒரு சின்னத் துளை வழியாகத் தள்ளும். சுவருக்குச் சரி, மரத்துக்கு அது முரடு. கப் கன்னில் காற்றே லாக்கரை உடைத்துப் பொடியாக்குகிறது, அதனால் நிறைய லாக்கர் பலகையில் ஒட்டாமல் புகையாகப் பறந்துவிடும். ஏர்-அசிஸ்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பம்பு 300 முதல் 1,000 பிஎஸ்ஐ வரைதான் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் லாக்கர் துளையிலிருந்து விசிறி மாதிரி விரியும், ஆனால் விசிறியின் இரண்டு ஓரத்திலும் தடித்த கோடாக நிற்கும். அதை நாங்கள் வால் என்போம். கன்னின் மூக்கிலுள்ள ஏர் கேப் என்ற மூடியிலிருந்து வருகிற கொஞ்சக் காற்று அந்த வாலை உடைத்துவிடுகிறது. காற்றின் வேலை அவ்வளவுதான். கிரெம்லின் இதை ஏர்மிக்ஸ் என்ற பெயரில் விற்கிறது, வாக்னர் ஏர்கோட் என்கிறது, பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்று.

பம்பின் மேல் 10:1, 15:1, 30:1 என்று எழுதியிருக்கும். 15:1 பம்புக்கு 40 பிஎஸ்ஐ காற்று கொடுத்தால் ஹோஸுக்குள் 600 பிஎஸ்ஐ. மீட்டரில் நாற்பது என்று பார்த்துவிட்டு இது நாற்பதுதானே என்று கையை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். கன்னும் பம்புக்குப் பொருந்த வேண்டும். கிராகோ ஜி15 கன் 1,500 பிஎஸ்ஐ வரை தாங்கும், ஜி40 4,000 வரை தாங்கும். 30:1 பம்பில் 100 பிஎஸ்ஐ காற்றைத் திறந்தால் 3,000 பிஎஸ்ஐ ஆகிவிடும், அதில் ஜி15 கன்னை மாட்டக் கூடாது. பழைய மெஷின், பழைய கன் என்று தனித்தனியாக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

விரலைக் கன்னின் முன்னால் கொண்டுபோகாதீர்கள்

100 பிஎஸ்ஐக்கே தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடிய விஷயம் இது. லாக்கர் வெளியே வரும் துளையுள்ள முனையான டிப் முன்னால் விரலை வைத்தாலோ, கசிகிற ஹோஸைக் கையால் பொத்தினாலோ, லாக்கரும் தின்னரும் விரலுக்குள் ஏறிவிடும். வெளியே பார்த்தால் குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளி, ரத்தம்கூட அதிகம் வராது, வலியும் முதலில் லேசாகத்தான் இருக்கும். அதனால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்தில் உள்ளே சதை சாக ஆரம்பிக்கும், விரலை எடுக்க வேண்டிய நிலைமைகூட வரும். இப்படி நடந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், இது வெட்டுக்காயம் இல்லை, அதிக அழுத்தத்தில் சாயம் உள்ளே ஏறியிருக்கிறது, அறுவை சிகிச்சை டாக்டர் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். டின்னின் விவரத்தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.

டிப்பைத் தொடுவதற்கு முன்னால், ஃபில்டரைக் கழற்றுவதற்கு முன்னால், டீ குடிக்கப் போவதற்கு முன்னால்கூட, பிரஷரை இறக்க வேண்டும். ட்ரிக்கரைப் பூட்டுங்கள், பம்புக்குப் போகும் காற்றை அடையுங்கள், பூட்டைத் திறந்து கன்னை இரும்பு வாளியின் விளிம்போடு ஒட்டிப் பிடித்து ஹோஸில் மிச்சமிருக்கும் அழுத்தம் தீரும் வரை வாளிக்குள் அடியுங்கள், மறுபடி பூட்டுங்கள், அப்புறம் பம்பின் டிரெயின் வால்வைத் திறந்து வையுங்கள். டிப் அடைத்திருந்தால் ட்ரிக்கரை இழுத்தும் ஒன்றும் வராது, அழுத்தம் உள்ளேயே நிற்கும், அதனால்தான் டிரெயின் வால்வையும் திறக்கச் சொல்கிறேன். இந்த வரிசையை இனிமேல் பிரஷர் இறக்குவது என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வாளி இரும்பு வாளியாக இருக்க வேண்டும். பட்டறையில் காலியான பிளாஸ்டிக் வாளி எத்தனையோ கிடக்கும், அதில் தின்னரை அடித்துக் கழுவாதீர்கள். தின்னர் ஹோஸுக்குள் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், பிளாஸ்டிக்கில் அது இறங்க வழியில்லை, ஒரு பொறி போதும். பம்பிலிருந்து எர்த் கம்பி போக வேண்டும், இரும்பு வாளியை வெறும் சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டும், அடியில் அட்டையைப் போட்டால் பலன் போய்விடும். இன்னொன்று, மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவரை அலுமினியப் பாகங்கள் உள்ள மெஷினுக்குள் ஓட்டவே கூடாது. அழுத்தத்தில் அது அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடிக்கலாம்.

மாஸ்க் பற்றி. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கருக்குக் கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டால் சமாளிக்கலாம். 2கே பியூ என்பது ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பாலியூரித்தேன் பூச்சு, அதன் ஹார்டனர் ஐசோசயனேட். அதற்கு வாசனையே தெரியாது, கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனாலும் உங்களுக்குத் தெரிய வராது, ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். பியூ தினமும் அடிக்கிறவர்கள் வெளியிலிருந்து சுத்தக் காற்று வருகிற முகமூடிக்குச் செலவழியுங்கள். மெஷினுக்கு அடுத்து நான் அதிகம் செலவழித்தது அதற்குத்தான்.

தண்ணீர்

நம் ஊர்க் காற்று ஈரமான காற்று. 30 டிகிரி சூட்டில், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றுக்குள் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். கம்ப்ரசர் அதை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டு, காற்று திரும்பவும் ஆறியதும், அதில் கிட்டத்தட்ட 20 கிராம் தண்ணீராகவே விழுந்துவிடும். நிமிடத்துக்கு 10 கன அடி தரும் கம்ப்ரசர் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர். அது தொட்டிக்குள் தங்குகிறதா, உங்கள் கன்னுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு அக்டோபர் மாதம், தீபாவளிக்கு முன்னால் ஒரு குடும்பத்துக்காக நியாத்தோவில் ஆறடி சாமி மேடை செய்துகொண்டிருந்தேன். பினாங்கில் அந்த மாதம் எப்படி மழை பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். மாலை நாலு மணிக்கு மழை கொட்டுகிறது, நான் என்சி லாக்கரின் கடைசிக் கோட்டை அடிக்கிறேன். ஐந்து நிமிடத்தில் மேடையின் மேற்பலகை முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்தது. அது எனக்குத் தெரிந்த கோளாறுதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது. மெதுவாகக் காய வைக்கும் ரிடார்டரை 5 சதவீதம் கலந்து மறுநாள் காலையில் மேலே மெல்லிசாக ஒரு கோட் அடித்தேன், வெளுப்பு மறைந்தது. ஆனால் தூண் பக்கத்தில் மட்டும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி, நடுவில் குழியோடு, கன் போன பாதையிலேயே வரிசையாக நின்றது. அது மறையவில்லை. உடன் வேலை செய்யும் தம்பி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது தூசி இல்ல, தண்ணி" என்றான்.

அவன் சொன்னது சரிதானா என்று பார்க்க, பிரஷரை இறக்கிவிட்டு, கன்னின் காற்றை மட்டும் திறந்து ஒரு பழைய முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் ஒரு நிமிடம் ஊதினேன். கண்ணாடியில் முதலில் பனி படர்ந்தது, அப்புறம் அந்தப் பனிக்குள் மிளகு அளவில் இரண்டு துளி உட்கார்ந்தது. காற்றிலிருந்து தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப்பின் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது, நான் மூன்று நாளாக அதைத் திறக்கவே இல்லை. அந்தத் தூணைத் தேய்த்து, மறுபடி அடிப்பூச்சான சீலரிலிருந்து ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து கண்ணாடிச் சோதனை தினமும் காலையில் நடக்கிறது. டிராப்பையும் கம்ப்ரசர் வாயிலிருந்து கழற்றி, இரும்புக் குழாய் நீளமாக ஓடிக் காற்று ஆறிய பிறகு வரும் இடத்துக்கு மாற்றினேன். சூடான காற்றில் தண்ணீர் இன்னும் ஆவியாகவே இருக்கும், டிராப் அதைப் பிடிக்காது. கன்னுக்குப் போகும் கிளைக் குழாயைப் பிரதானக் குழாயின் மேல் பக்கத்திலிருந்து எடுங்கள், கீழ்ப் பக்கத்திலிருந்து எடுத்தால் குழாய்க்குள் ஓடும் தண்ணீர் நேரே உங்களிடம் வரும். வசதி இருந்தால் காற்றை உலர்த்தும் டிரையர் ஒன்று போடுங்கள். பியூ அடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகிப் பூச்சுக்குள் குமிழி குமிழியாக நிற்கும்.

டிப், ஃபில்டர், பிரஷர்

டிப்பின் எண் மூன்று இலக்கம். 411 என்றால், முதல் இலக்கத்தை இரட்டிப்பாக்குங்கள், 12 அங்குலத் தூரத்தில் விசிறி 8 அங்குலம் அகலம். அடுத்த இரண்டும் துளையின் அளவு, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு, அதாவது 0.28 மில்லிமீட்டர். தெளிவான லாக்கருக்கு நான் 11 வைக்கிறேன், மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயினுக்கும் மெல்லிய கோட்டுக்கும் 09, வெள்ளை பிரைமருக்கு 13. அகலமான பலகைக்கு 4, கதவுச் சட்டத்துக்கும் தூணுக்கும் 2 அல்லது 3. சாமி மேடையின் மெல்லிய தூணுக்கு 411 வைத்து அடித்தால் முக்கால் லாக்கர் காற்றுக்குத்தான் போகும்.

ஃபில்டர் துளை டிப் துளையைவிட நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும். 60 மெஷ் வலையின் கண் 0.25 மில்லிமீட்டர், 11 டிப்புக்கு அது கிட்டத்தட்ட சமம், அதனால் அடைத்துக்கொண்டே இருக்கும். 100 மெஷ் 0.15 மில்லிமீட்டர், அதுதான் 11க்குப் பொருத்தம். 09க்கு 150 அல்லது 200 போடுங்கள். டின்னிலிருந்து ஊற்றும்போதும் வலையில் வடிகட்டியே ஊற்றுங்கள், புது டின் என்றாலும்.

லாக்கரில் தின்னர் கலக்கும் அளவு கப் கன்னைவிடக் குறைவு. கப் கன்னுக்குத் தண்ணீர் மாதிரி ஆக்கிப் பழகியவர்கள் அதே கலவையை இதில் ஊற்றினால் வழிந்து ஓடும். கெட்டித்தன்மையை அளக்கிற, அடியில் துளையுள்ள 4ஆம் எண் டிஐஎன் கோப்பையில் 25 விநாடிக்குப் பக்கத்தில் வடிந்தால் எனக்குச் சரியாக வருகிறது. உங்கள் லாக்கருக்கு டின்னில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

இப்போது பிரஷர். பழுப்புக் காகிதத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கன்னின் காற்று பூஜ்யம். பம்புக்குக் காற்றை 20 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ஒரு அடி தூரத்திலிருந்து காகிதத்தின் மேல் ட்ரிக்கரைச் சட்டென்று இழுத்து விடுங்கள், ஒரு விநாடிகூட வேண்டாம். காகிதத்தில் விழுந்ததைப் பாருங்கள்: நடுவில் மெல்லியதாக, மேலும் கீழும் இரண்டு கனமான கோடு. ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் புதிதாக ஒன்று அடியுங்கள். கோடு மெலிந்துகொண்டே வரும், விசிறியின் நடுப் பகுதி நிரம்பும். கோடு கிட்டத்தட்ட மறையப் போகிற இடத்தில் பம்பை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் கன்னின் காற்றைத் திறக்க வேண்டும். அதையும் ஐந்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். 10க்கும் 25க்கும் இடையில் எங்கேயோ அந்தக் கடைசிக் கோடு கரைந்து, விசிறி மேலிருந்து கீழ் வரை ஒரே நிறமாக விழும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

30 தாண்டியும் வால் போகவில்லை என்றால் காற்றைக் கூட்டுவதை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள். லாக்கர் கெட்டியாக இருக்கும், அல்லது பம்பு பிரஷர் போதாது, அல்லது டிப் தேய்ந்திருக்கும். தேய்ந்த டிப்பின் விசிறி குறுகிக்கொண்டே வரும், லாக்கர் மட்டும் அதிகமாக வரும். 8 அங்குலம் வந்த விசிறி 6க்கு இறங்கினால் நான் மாற்றிவிடுகிறேன். காற்றை அதிகம் வைத்து அடித்தால் துளிகள் பலகையைச் சேரும் முன்பே பாதி காய்ந்துவிடும், காய்ந்த பிறகு கையால் தடவினால் மணல் மாதிரி உரசும். லாக்கர் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் சிலர் எனக்குத் தெரியும், அவர்கள் மீட்டரில் 45 இருந்தது.

அடிக்கும்போது கப் கன்னைவிடக் கொஞ்சம் தள்ளி, 10 முதல் 12 அங்குலத்தில் பிடியுங்கள், கையை வேகமாக நகர்த்துங்கள், பாதிக்குப் பாதி மேலே மேலே போடுங்கள், ட்ரிக்கரைப் பலகைக்கு வெளியே இழுத்து வெளியே விடுங்கள். லாக்கர் கப் கன்னைவிட அதிகமாக வருவதால் முதல் சில நாள் செங்குத்துப் பலகையில் வழியும். ஈரப் பூச்சின் கனத்தை அளக்கிற சீப்பு ஒன்று சல்லிசாகக் கிடைக்கும், ஒரு கோட்டுக்கு 3 முதல் 5 மில், அதாவது 75 முதல் 125 மைக்ரான் வருகிறதா என்று பார்த்துக் கையின் வேகத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எழுதிப் புரியாது, காகிதத்திலும் பழைய பலகையிலும் ஒரு வாரம் அடித்துப் பாருங்கள்.

கழுவுவது

கடைசிக் கோட்டை முடித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று தோன்றும். என்சியில் அது ஒருவேளை பிழைத்துப் போகலாம். பியூவில் பிழைக்காது. டின்னில் கலந்த பிறகு 4 மணி நேரம் என்று போட்டிருப்பது 20, 25 டிகிரிக்குச் சொன்னது, நம் பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே மதியம் 34 டிகிரியில் அது பாதியாகிவிடும். அதனால் கலந்த நேரத்தை வாளியின் மேல் டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். ஒரு நாள் பியூ அடித்துவிட்டு மசூதி பக்கத்து மாமாக் கடைக்குச் சாப்பிடப் போனேன், தெரிந்தவர்களைப் பார்த்ததில் நேரம் ஓடிவிட்டது, திரும்பி வந்தபோது ஹோஸுக்குள் லாக்கர் கட்டியாகி ஜவ்வு போல நின்றது. ஹோஸ் போனது, பம்பின் கீழ் வால்வை உடைத்துத்தான் எடுத்தோம்.

தின்னர் அதிகம் செலவாகிறது என்பதால்தான் பலர் கழுவுவதில் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். 25 அடி ஹோஸ், உள் விட்டம் கால் அங்குலமானால் அதற்குள் 240 மில்லி லாக்கர் நிற்கும். 3/16 அங்குலமானால் 135 மில்லிதான். சின்னப் பட்டறைக்கு 3/16 ஹோஸ் தாராளம், கழுவும் தின்னரும் கிட்டத்தட்டப் பாதியாகும். நான் மூடியுள்ள மூன்று தகர டின் வைத்திருக்கிறேன். ஒன்றில் அழுக்குத் தின்னர், ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் சுத்தம். முதல் கழுவலுக்கு அழுக்கு, அடுத்தது நடுத்தரம், கடைசியாகச் சுத்தமான தின்னர் அரை லிட்டர். கடைசியாக ஓடிய அரை லிட்டர் அடுத்த நாள் நடுத்தர டின்னுக்குப் போகும், நடுத்தரம் அழுக்கு டின்னுக்குப் போகும். ஒரு நாளைக்குப் புதுத் தின்னர் அரை லிட்டர், அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

செய்யும் முறை இப்படி. உறிஞ்சும் குழாயை லாக்கர் வாளியிலிருந்து தூக்கி வடிய விடுங்கள். பிரஷரை இறக்கி, டிப்பையும் ஏர் கேப்பையும் கழற்றிச் சின்னக் கிண்ணத்தில் தின்னரில் போடுங்கள். உறிஞ்சும் குழாயை அழுக்கு டின்னில் வைத்து, டிரெயின் வால்வைத் திறந்தபடியே பம்பை ஓட விடுங்கள், காற்று மிகக் குறைவாக, பம்பு மெதுவாக மேலும் கீழும் போகிற அளவுக்கு மட்டும். பம்பின் உள்பக்கமும் டிரெயின் குழாயும் இப்படிக் கழுவப்படும், நேராகக் கன் வழியே மட்டும் ஓட்டினால் டிரெயின் பக்கம் லாக்கர் அப்படியே இருக்கும். அப்புறம் வால்வை அடைத்து, கன்னை வாளி விளிம்போடு ஒட்டிப் பிடித்து ட்ரிக்கரை இழுங்கள். என்சி மாதிரி ஹார்டனர் இல்லாத லாக்கரானால் ஹோஸிலிருந்து முதலில் வருவது நல்ல லாக்கர், அதை லாக்கர் வாளிக்கே விடுங்கள், நிறம் மெலிகிற நொடியில் வாளியை மாற்றுங்கள். பியூவானால் அதைத் திரும்ப ஊற்றாதீர்கள். ட்ரிக்கரை இழுத்துப் பிடித்தபடியே இருக்காமல் விட்டு விட்டு இழுத்தால், உள்ளே ஒட்டியிருப்பது அசைந்து வரும். நடுத்தர டின்னுக்கும் சுத்த டின்னுக்கும் இதே மாதிரி.

மறுபடி பிரஷரை இறக்கிவிட்டு, ஃபில்டர்களைக் கழற்றுங்கள். கன் கைப்பிடிக்குள் ஒன்று இருக்கும், பம்பில் ஒன்று, உறிஞ்சும் குழாயின் நுனியில் வலை ஒன்று. பலர் கன்னுக்குள் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மென்மையான பிரஷால் வெளியிலிருந்து உள்ளாகவும் உள்ளிருந்து வெளியாகவும் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், எல்லாக் கண்ணும் தெரிய வேண்டும். ஜவ்வு போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாளைக்கு உங்கள் பலகையில் விழும், சந்தேகமே வேண்டாம். டிப்பைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தாதீர்கள். துளை கார்பைடு என்றாலும் விளிம்பு சிதைந்தால் விசிறி ஒரு பக்கம் சாயும், புது டிப் வாங்குவதைத் தவிர வழியில்லை. பல் குச்சியோ பிரஷோ போதும், பின்பக்கமிருந்து காற்றை ஊதுங்கள்.

கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப் போடுகிற பழக்கம் நம் பட்டறைகளில் நிறைய இருக்கிறது. வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போகும், கரைந்த லாக்கர் காற்றுப் பாதைக்குள் போய்க் காய்ந்து நிற்கும், அப்புறம் ஏன் வால் ஒரு பக்கம் மட்டும் போகவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள், துடைக்கும்போது கன்னின் மூக்கைக் கீழே பார்த்துப் பிடியுங்கள், தின்னர் காற்றுத் துளைக்குள் இறங்காது. ஊசியின் பேக்கிங்குக்கு (கசியாமல் அடைக்கும் வளையம்) ஒரு துளி எண்ணெய், அது சிலிகோன் இல்லாத எண்ணெயாக இருக்க வேண்டும். சிலிகோன் கலந்த ஸ்பிரே எதுவும் எங்கள் பட்டறைக்குள் வரவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், காற்றில் பறந்த ஒரு துளி போதும், லாக்கர் மீன்கண் மாதிரி வட்டமாக விலகும்.

பம்பை நிறுத்தும்போது தண்டு கீழே போன நிலையில் நிறுத்துங்கள். மேலே நின்றால் தண்டின் மேல் லாக்கர் காய்ந்துவிடும், மறுநாள் முதல் அடியிலேயே அது பேக்கிங்கைக் கீறும். தண்டைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் அதற்குரிய எண்ணெய் பாதியாவது இருக்க வேண்டும். எண்ணெயின் நிறம் லாக்கர் நிறமாக மாறிக்கொண்டு வந்தால் பேக்கிங் விடுகிறது என்று அர்த்தம். இரவு முழுக்கப் பம்புக்குள் சுத்தத் தின்னரை விட்டே வையுங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது

என்சி அடித்த மெஷினில் பியூ ஊற்றப் போகிறீர்கள் என்றால், சாதாரண என்சி தின்னரில் கழுவிவிட்டு நேரே பியூவை ஊற்றக் கூடாது. அந்தத் தின்னரில் ஆல்கஹால் இருக்கும், அது ஹார்டனரோடு சேர்ந்து அதன் வேலையைக் கெடுக்கும், பூச்சு சரியாக இறுகாது. கடைசிக் கழுவல் பியூ தின்னரில் இருக்கட்டும்.

தண்ணீரில் கரையும் லாக்கர் அடிப்பவர்கள் இப்போது கோலாலம்பூர்ப் பக்கம் கூடியிருக்கிறார்கள், இங்கேயும் சில வீட்டுக்காரர்கள் நாற்றம் வேண்டாம் என்று கேட்கிறார்கள். தின்னர் லாக்கருக்கும் அதற்கும் இடையில் மெஷினை மாற்றும்போது நடுவில் அசிட்டோன் ஓட வேண்டும், அது தண்ணீரோடும் கலக்கும், தின்னரோடும் கலக்கும். தண்ணீர், அசிட்டோன், தின்னர், அல்லது அதன் நேர்தலைகீழ். இடையிலுள்ளதை விட்டால் ஹோஸுக்குள் தயிர் திரிந்தது போலத் திரிந்துவிடும். அன்றைக்கு மெஷினை நிறுத்தி வைப்பதாயிருந்தாலும் தண்ணீரை உள்ளே விடாதீர்கள், இதே வரிசையில் தின்னருக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

அமிலத்தால் இறுகும் லாக்கரான ஏசிக்கு ஸ்டெயின்லெஸ் பாகங்கள் உள்ள பம்பு வேண்டும், அடித்த உடனே கழுவ வேண்டும். வெள்ளை அடித்த மெஷினில் தெளிவான லாக்கர் அடிக்கிற நாளில் ஃபில்டர்களை மாற்றிவிடுங்கள், எவ்வளவு தேய்த்தாலும் வலைக்குள் வெள்ளை மறைந்திருந்து கருமரத்தின் மேல் புள்ளியாக வரும். என்னிடம் வெள்ளைக்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது. புது மெஷின் வாங்கியவர்களும் முதலில் தின்னர் ஓட்டுங்கள், தொழிற்சாலையில் சோதித்த எண்ணெய் உள்ளே இருக்கும்.

அழுக்குத் தின்னரும் துணியும்

அழுக்கு டின் நிரம்பியதும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டு விதிகளில் அது அட்டவணைக் கழிவு, கரைப்பான் எஸ்டபிள்யூ 322 என்ற எண்ணிலும், மிச்ச லாக்கர் 417இலும், தின்னர் துடைத்த துணியும் ஃபில்டரும் 410இலும் வருகின்றன. லேபிள் ஒட்டி, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் டின்னை ஒரு வாரம் அசையாமல் வைத்தால் லாக்கர் அடியில் தங்கி, மேலே தெளிந்த தின்னர் நிற்கும், அதை மெதுவாக ஊற்றி எடுத்து மறுபடி முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

துணியையும், லாக்கர் அடிக்கும் பூத்தின் ஃபில்டரையும் குவித்து வைக்காதீர்கள். என்சி தூள் காய்ந்தால் வெடிமருந்துக்குச் சொந்தக்காரன், அதோடு பியூ தூளோ ஏசி தூளோ எண்ணெய் ஸ்டெயின் துணியோ ஒரே குவியலில் சேர்ந்தால் யாரும் பற்ற வைக்காமலே சூடேறித் தீப்பிடிக்கும், பெரும்பாலும் நாம் வீட்டுக்குப் போன பிறகு, நடு இரவில். என் பட்டறையில் வெளிக் கதவுக்குப் பக்கத்தில் மூடி போட்ட இரும்பு வாளி ஒன்று பாதி தண்ணீரோடு நிற்கிறது, அன்றைய துணியெல்லாம் அதற்குள் போகும். வெயில் நாளில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும், அதனால் மூடியைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன்.